வயிறு கிழித்த மீன்

கிட்ட வந்து உட்காருங்கம்மா. அப்படி ஓரத்தில் தொத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஆக்கூர் வளைவில் கீழே விழுந்துடுவீங்க. இன்றைக்கு என்கிட்ட கூடை இல்லை, பாருங்க. சோப்புப் போட்டுக் குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டுதான் ஏறினேன். மீன்காரி பக்கத்து சீட்டு எப்போதும் காலியாகத்தான் போகும். கூட்டம் நெருக்கினாலும் ஜனம் நின்றுகொண்டே வரும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பழகின எனக்கே சில நாள் அந்த வாடை தலையை வலிக்கவைக்கும்.

இந்த போன் அடித்துக்கொண்டேதான் இருக்கும், நீங்க கண்டுக்காதீங்க. தையலுவின் மூத்த மகன் கூப்பிடுகிறான். அங்கே இலை போட்டுவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். நான் போய் உட்கார்ந்து முதல் வாய் மீன் தின்றால்தான் அந்த வீட்டில் மற்றவர்கள் மீனைத் தொடமுடியும், வலையை எடுக்கமுடியும். நான் என்னடாவென்றால் உங்களோடு மாயவரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். மாயவரத்தில் வேலையா? ஒரு வேலையும் இல்லை. சும்மா போய்விட்டு வரலாமென்று ஏறினேன். இந்த பஸ் திரும்ப எப்போது புறப்படுமாம், கண்டக்டர் ஏதாவது சொன்னாரா?

தையநாயகி என்று பெயர். நாங்கள் தையலு என்போம். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி, எனக்கு நாத்தனார். அவள் புத்தி இந்தக் கரையில் யாருக்கும் கிடையாது. ஏலத்தில் ஒரு கூடை மீன் அவளுக்குப் பிடித்துப்போனால் கிட்டப் போய் மோந்து பார்த்து, மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். மற்றவர்கள் மெதுவாகக் கையை இழுத்துக்கொள்வார்கள். கடைசியில் அந்தக் கூடை அவள் தலையில்தான் இருக்கும். பஸ்ஸில் கூடை ஏற்றக்கூடாது என்று கண்டக்டர் சத்தம் போட்டால், "அம்மாவுக்கு இப்ப தேவலாமா தம்பி?" என்பாள். அவனுக்கு அம்மா இருக்கிறாளா இல்லையா என்று இவளுக்கு எங்கே தெரியும். அவன் உடனே முழங்கால் வலி, சக்கரை என்று ஆரம்பித்துவிடுவான். கூடை பாட்டுக்கு உள்ளே போய்விடும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சீட்டில் வருவோம். ஒரே தூக்கில் சோறு கொண்டுவருவோம். மத்தியானம் விற்று முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து, அவள் ஒரு கை நான் ஒரு கை என்று அள்ளித் தின்போம். குழம்பு மீனில் எனக்கு நடுத்துண்டு, அவளுக்குத் தலை. அவள் தலையை உடைத்துச் சப்புகிற சத்தம் தெருக்கோடிக்குக் கேட்கும்.

அலை வந்த வருசம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. மார்கழி மாசம், ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் இரண்டு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மேற்கே வந்துவிட்டோம். அதனால் பிழைத்துக் கிடக்கிறோம். தையலுவின் கடைசிப் பையன் செல்வமணி, பள்ளிக்கூட லீவு, மணலில் பந்து அடித்துக்கொண்டிருந்தான். முள்வேலியில் மாட்டிக் கிடந்தான். ஊரோடு சேர்த்துப் பெரிய குழியில் போட்டார்கள். என் வீட்டுக்காரர் படகு நிழலில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கிடைக்கவில்லை. அவளுக்காவது போய் நிற்க ஒரு குழி இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லை. இதை அவளிடமே ஒருதரம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் சொன்னது நிஜந்தானே.

கருமாதி செய்யச் சொல்லி ஊர்ப் பஞ்சாயத்தார் வந்தார்கள். கிடைக்காத ஆளுக்கு எப்படிக் கருமாதி செய்வது? அவர் நல்ல நீச்சல்காரர். இலங்கைப் பக்கம் ஒதுங்கியிருப்பார். தலையில் அடிபட்டு ஊர் பேர் மறந்திருக்கும். அப்படி எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது. நீங்க பேப்பர் படிக்கிறவங்க, உங்களுக்குத் தெரியாததா.

சரி, கதைக்கு வருகிறேன். அலை போய்ச் சில வாரம் கழித்து, மிஞ்சின கட்டுமரத்தில் ஒன்றிரண்டு பேர் தொழிலுக்குப் போனார்கள். கொஞ்சம் கிழங்கான் கிடைத்தது, கொஞ்சம் சங்கரா. நானும் தையலுவும் கூடையில் வைத்துக்கொண்டு மாயவரம் கடைத்தெருவில் எங்கள் மூலையில் கூறு கட்டினோம். ஜனம் வந்தது, பார்த்தது, போனது. ஒருத்தரும் குனியவில்லை. மீன் வாங்குகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கித்தானே பார்ப்பார்கள், சிவப்பாக இருக்கிறதா என்று. அந்தச் செவுளைத் தொடக்கூட ஆள் இல்லை. எங்களிடம் வாடிக்கையாக வாங்குகிற டீச்சரம்மா ஒருத்தர் எட்டி நின்றபடியே என்னிடம் சொன்னார், "ஆச்சிக்கண்ணு, தப்பா நெனைக்காத. மனசு வரல."

"ஏம்மா, மீனு நல்லாத்தான இருக்கு?"

"மீனு நல்லாத்தான் இருக்கு. அது என்னத்தத் தின்னுச்சுன்னு யாருக்குத் தெரியும்."

விசயம் இதுதான். கடலில் போன ஜனத்தை மீன் தின்றுவிட்டதாம். அந்த மீனை நாம் தின்றால் மனுசனை மனுசன் தின்ற கணக்காம். கும்பகோணத்தில் ஒரு வீட்டில் மீனை அறுத்தால் வயிற்றில் மோதிரத்தோடு விரல் இருந்ததாம். யார் வீட்டில் என்று கேட்டேன். சொன்னவருக்குத் தெரியாது, அவருடைய மச்சானுக்குத் தெரியுமாம். கும்பகோணத்துக்காரர் ஒருத்தர் வந்தார், அவரைப் பிடித்துக் கேட்டேன். அவர், எங்கள் ஊரில் இல்லை, தஞ்சாவூரில் என்றார்.

எங்கள் தாத்தா பஞ்சக் கதை சொல்லுவார். அவருக்கு அவர் தாத்தா சொன்னது. பசி தாங்காமல் மனுசனை மனுசன் தின்ற ஊர் ஒன்று இருந்ததாம். எந்த ஊர் என்று கேட்டால் பக்கத்து ஊர் என்பார்களாம். அந்த ஊரில் போய்க் கேட்டால், சேச்சே, இங்கே இல்லை, அதற்கடுத்த ஊர் என்பார்களாம். தாத்தா சிரிப்பார். கேட்டுக்கொண்டே போனவன் நடந்து நடந்து திரும்பத் தன் ஊருக்கே வந்து சேர்ந்தானாம். அவனைப் பார்த்ததும் அவன் ஊர் ஜனம் கதவைச் சாத்திக்கொண்டதாம், அந்த ஊரிலெல்லாம் கைநனைத்துவிட்டு வந்திருப்பான் என்று.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. டீக்கடையில் எங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தான். ஒரு பொம்பளை, பேர் சொல்லவில்லை, நல்லா இருக்கட்டும், பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பொணந்தின்னிங்க பக்கம் போகாதே என்றாள். என் காதில் விழவேண்டுமென்றுதான் சொன்னாள். நான் விடுவேனா? எழுந்து நின்று கேட்டேன். உங்கள் சுடுகாடு ஆத்தங்கரையில்தானே இருக்கிறது, அந்தச் சாம்பல் கரைகிற தண்ணியில்தானே கத்தரிக்காய் போட்டிருக்கிறாய், சுடுகாட்டு ஓரத்துத் தென்னையில் இறக்கின இளநியைத்தானே நேற்றுக் குடித்தாய், அது யாருடைய அப்பன் என்று விசாரித்தாயா என்று. அவள் போய்விட்டாள். என்ன பலன்? அதற்கப்புறம் கத்தரிக்காய் விற்கிறவளும் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

டீச்சரம்மா நல்லவர், ஒரு நாள் கிட்ட வந்தார். வயிற்றைக் கிழித்துக் காட்டு, பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்றார். கிழித்தேன். கொஞ்சம் சேறு, ஒரு கூனி இறால். அடுத்ததைக் கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். கூடை மொத்தத்தையும் கிழித்துவிட்டேன். ஒன்றுமே இல்லை. அப்படியும் டீச்சரம்மா வாங்கவில்லை. பார்த்ததே குமட்டுகிறது என்று போய்விட்டார். ஆனால் பாருங்க, அன்றிலிருந்து எனக்கு அது பழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் கரையிலேயே உட்கார்ந்து எல்லா மீனையும் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். கிழித்த மீனில் சீக்கிரம் ஈ மொய்த்துவிடும். முழு மீன் கேட்கிறவர்கள் என்கிட்ட வரமாட்டார்கள். வரவேண்டாம். சுத்தமாக விற்பதில் ஒரு திருப்திதானே? நெத்திலியைக் கூடக் கீறிப் பார்ப்பேன் என்று கரையில் கேலி பேசுவார்கள். நெத்திலி வயிற்றில் என்ன இருக்கும், நீங்களே சொல்லுங்க. சும்மா கை பழக்கம்.

ஜனத்துக்குப் பயம் போகவேண்டுமென்று ஒரு நாள் மேடை போட்டார்கள். பெரிய மனுசர்களெல்லாம் மைக்கு வைத்துப் பேசிவிட்டு, ஆளுக்கு ஒரு துண்டு வறுத்த மீன் தின்று காட்டினார்கள். கைதட்டினார்கள். மறுநாளும் எங்கள் கூறு அப்படியே கிடந்தது. சாயங்காலம் கூடையைக் கவிழ்த்து நாய்க்குப் போட்டோம். அப்போதுதான் தையலு சொன்னாள்.

"அவங்க தின்னா யாரு நம்புவா அண்ணி? அவங்க வூட்டு ஆளையா கடல் கொண்டுகிட்டுப் போச்சு? பறிகுடுத்தவ தின்னு காட்டணும். நாம ரெண்டு பேரும் தின்போம்."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சரி என்றேன்.

மறுநாள் பட்டப்பகலில் எங்கள் மூலையிலேயே மண்ணெண்ணெய் அடுப்பை வைத்தாள். எல்லார் கண்ணுக்கு முன்னாலும் கிழங்கானை ஆய்ந்து, புளி கரைத்து, குழம்பு கொதிக்கவைத்தாள். வாசனைக்குக் கூட்டம் கூடிவிட்டது, பாம்பாட்டியைச் சுற்றி நிற்கிற மாதிரி. இரண்டு இலை போட்டாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், எனக்கு நடுத்துண்டு வைத்தாள். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினாள்.

"எம்மவனக் கடல் கொண்டுகிட்டுப் போச்சு. அந்தக் கடல் மீனுதான் இது. எம்புள்ளயத் தின்ன மீனுன்னா பெத்தவ வாயில வைப்பேனா? பாத்துக்குங்க."

தின்றாள். ரசித்துத் தின்றாள். முள்ளை உறிஞ்சினாள், தலையை உடைத்துச் சப்பினாள், விரலை நக்கினாள். எப்படித்தான் அவளால் முடிந்ததோ. நானும் பிசைந்து எடுத்தேன். கை வாய் வரைக்கும் வந்தது. வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த வாரம் கடவாய்ப்பல் வலி, அதனால் இருக்கும். கையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் யாரோ, "அந்தம்மா திங்க மாட்டேங்குது பாரு," என்றார். இன்னொருத்தர் ஆமாம் என்றார். பின்னாலிருந்து இரண்டு பேர் நகர ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், எங்கள் பிழைப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

தையலு சிரித்தாள். என் இலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்க அண்ணி எப்படித் தின்னுவா? எங்க அண்ணன் செத்து இன்னும் கருமாதி ஆகல. தீட்டு கழியாம கவிச்சி தொடலாமா? உங்க வூட்டுப் பொம்பளைய விடுவீங்களா?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. ஒருத்தர் உச்சுக் கொட்டினார். தையலு என் இலையையும் வழித்துத் தின்றாள். டீச்சரம்மா முன்னால் வந்து, குனிந்து, ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். அப்புறமென்ன, கூடை காலியாகிவிட்டது. அந்த வாரமே எங்கள் கரைப் பொம்பளைகள் எல்லாருக்கும் யாவாரம் திரும்பிவிட்டது. தையலுவால்தான் என்று ஊரே சொன்னது. நானும் இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். என் வீட்டுக்காரர் செத்துவிட்டார் என்று அதுவரைக்கும் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. பஞ்சாயத்தார்கூட, ஆனது ஆகிவிட்டது என்றுதான் இழுத்தார்கள். கூடப்பிறந்தவள், நடுத்தெருவில், வாயில் மீனை வைத்துக்கொண்டு, செத்துவிட்டார் என்றாள். அது என்ன வார்த்தை? என்ன நெஞ்சு?

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். இரண்டு இலைச் சோற்றை அள்ளிப் போட்டால் வயிறு சும்மா இருக்குமா? பேராசை. நான் தண்ணி கூடக் கொடுக்கவில்லை. நிறுத்தத்தில் இறங்கினதும் வேறு பக்கமாக நடந்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

இருபது வருசம் ஆகப்போகிறது. எங்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் அவள் முதல் தெரு, நான் கடைசித் தெரு. ஒரே பஸ், ஒரே மூலை. அவள் தினமும் தன் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு வைத்திருப்பாள். நான் பார்க்காத மாதிரி பின்னால் போய் நின்றுகொள்வேன். மத்தியானம் மரத்தடியில் அவள் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். மரம் பெரிய மரம்.

எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஒரு ஆளுக்கு என்ன சமையல், ரசம் வைத்துக்கொள்வேன், மோர் ஊற்றிக்கொள்வேன். மீனா? நான் தின்பதில்லை. கருமாதி ஆகவில்லையே, தீட்டு. மற்றபடி எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. மீன் மனுசனைத் தின்னாது, நான் கிழித்துப் பார்த்த மாதிரி இந்த உலகத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். என் வீட்டில் தட்டு இரண்டு கழுவி வைப்பேன். வருகிறவர் பசியோடு வருவார் அல்லவா.

தையலுவுக்கு வயிற்றில் கட்டி. போன மாசம் போய்விட்டாள். பொறந்த வீட்டுக் கோடி போடவேண்டும், அந்த வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான். புதுச்சேலை எடுத்துக்கொண்டு போய்ப் போர்த்தினேன். ஊருக்காகத்தான். ரொம்ப இளைத்துப் போயிருந்தாள், அந்தச் சேலை ஒரு பிள்ளையைப் போர்த்தின மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு சளி பிடித்துக்கொண்டது, கண்ணிலும் மூக்கிலும் தண்ணியாக ஊற்றியது. இரண்டு நாள் ஆனது நிற்க.

நேற்று கருமாதி. இன்றைக்குக் கவிச்சி சோறு. எங்கள் கரையில் அதற்கு ஒரு முறை உண்டு. மீன் குழம்பு வைத்து, செத்தவளின் பொறந்த வீட்டு ஆள் முதல் வாய் தின்றால்தான் பிள்ளைகளுக்குத் துக்கம் விடும், கடலுக்குப் போகலாம். நான் எப்படித் தின்பேன்? தீட்டு இருக்கிறவள் இன்னொருத்தர் தீட்டை எப்படிக் கழிப்பாள்? தின்றால் என் வீட்டுக்காரருக்கும் எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடாதா? தின்னாமல் இருந்தால் மூன்று பிள்ளைகளும் வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே போகத்தான் கிளம்பினேன், கால் பாட்டுக்கு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

மாயவரம் வந்துவிட்டதா? மணிக்கூண்டு தெரிகிறது. நீங்க இறங்குங்கம்மா. நான் இறங்கவில்லை. எனக்கு இங்கே என்ன இருக்கிறது. இந்த பஸ்தானே திரும்பப் போகும், கண்டக்டரிடம் சொல்லி இப்படியே உட்கார்ந்துகொள்கிறேன். இலையைப் போட்டுவிட்டு எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்கள், நீங்க சொல்லுங்க.

கொஞ்சம் பொறுங்க. உங்க பை மாட்டிக்கொண்டது, எடுத்துவிடுகிறேன். கூட்டம் இறங்கட்டும். கடைசியாக அவள் செய்ததை மட்டும் கேட்டுவிட்டுப் போங்க.

சாவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் இருக்கும். ஆஸ்பத்திரியில் இனிமேல் வைத்துக்கொள்ளமுடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வருகிற வழியில் ஆட்டோவைக் கடைசித் தெருவுக்கு விடச் சொல்லியிருக்கிறாள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மூத்தவன் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினான். கையில் வெற்றிலை பாக்கு வைத்திருந்தாள்.

"அண்ணி, அழைக்க வந்தேன்."

அத்தனை வருசம் பேசாதவள், எனக்கு என்ன வாயில் வரும். "என்ன விசேசம்?" என்றேன்.

"எங்கருமாதி."

மகன் ஓவென்று அழுதுவிட்டான். பெரியவங்க பேசும்போது சும்மா இருடா என்று அவனை அதட்டினாள். "தேதிதான் இன்னும் ஆகல. டாக்டரக் கேட்டேன், அவரும் சொல்லமாட்டேங்கறாரு. பொறந்த வூட்டு மொத வாயி நீதான் வைக்கணும், அத நெனப்புல வச்சுக்க."

"எனக்குத் தீட்டு இருக்கு. நீதான நடுத்தெருவுல நின்னு சொன்ன."

"சொன்னேன்," என்றாள். நின்று மூச்சு வாங்கினாள். ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லுவாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"எங்க அண்ணன் இருந்தா அண்ணனையும் கூட்டிக்கிட்டு, ரெண்டு பேருமா வந்து சாப்புட்டுட்டுப் போங்க. இல்லன்னா நீ மட்டும் வா."

சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கை என் மடியில் போட்டாள். வேண்டாம் என்று நான் அதை எடுத்து நீட்டுவதற்குள், மகன் தோளைப் பிடித்துத் திரும்பி, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டாள்.